பெரியவர்க்கு ஒன்று, சிறுவர்க்கு அரை

தங்கராசு தன் வலது காதை என் ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றார்.

முகத்தை இல்லை, காதை. தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தார். புருவமெல்லாம் தேயிலைத் தூசி. மழைக்காகத் தலையில் மாட்டியிருந்த உரச்சாக்கு என் ரெஜிஸ்டர் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு லைட்டு அடிச்சுப் பாருங்க. உள்ள என்னமோ அடைச்ச மாதிரியே இருக்கு."

நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. எங்கள் எஸ்டேட் வாசகசாலையின் பொறுப்பாளர். ஜன்னலுக்கு மேலே 'வாசகசாலை' என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை தொங்குகிறது. அந்தப் பலகையை ஏணி வைத்து ஏறி ஆணி அடித்தவரே இந்தத் தங்கராசுதான். வாசகசாலை கமிட்டியில் அவர் ஒரு மெம்பர் வேறு. அப்படிப்பட்ட மனுஷன் என்னிடம் காதைக் காட்டுகிறார்.

இந்தப் பத்தியை முந்தைய வாரங்களில் படித்தவர்களுக்கு என் கோபம் தெரியும். அன்றைக்கு அது வரவில்லை. அதற்குள் பழகிப் போயிருந்தது. பேனா மூடியால் ரெஜிஸ்டரைத் துடைத்துவிட்டு, "எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

டெட்டால் வாசம்

இந்த அறைக்கதையைச் சொல்லாமல் காதுக் கதை விளங்காது.

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் டிவிஷன். அங்கே நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரச்சில் ஆயாவாக இருந்தேன். ஒரு காலத்தில் நாற்பது தொட்டில் ஆடிய இடம். படித்த பிள்ளைகள் ஊரைவிட்டுப் போக, வரிசை வீடுகளான லயங்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்க, கடைசியில் இரண்டே பிள்ளைகள் மிஞ்சினார்கள். அந்த இரண்டும் ஒன்றாம் வகுப்புக்குப் போன அன்று கிரச் கதவை என் கையாலேயே பூட்டி, சாவியை ஆபீஸில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு அறையை இழப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டாவது அறைக்காக அவ்வளவு பாடுபட்டேன்.

இரண்டாவது அறை இது. முன்னால் எஸ்டேட் டிஸ்பென்சரி. கம்பவுண்டர் ரிட்டயர்டாகிக் கம்பத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. காலியான அறையில் வாசகசாலையின் தமிழ்ப் புத்தகங்களைக் கொண்டுவந்து இறக்கி, என்னை உட்கார வைத்தார்கள். பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்றார்கள். இரண்டு வருஷமாகப் பெயின்ட் வந்துகொண்டே இருக்கிறது.

பெயின்ட் வராததால் சுவரில் கம்பவுண்டர் எழுதி வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. ஜன்னல் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில்: 'பெரியவர்க்கு ஒன்று. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் அரை. ஐந்து வயதுக்குக் கீழ் கால்.' அலமாரித் தட்டுகளில் மஞ்சள் பெயின்டில் இருமல், வயிறு, காய்ச்சல், புண், கண் என்று எழுதியிருந்தது. எந்தத் தட்டு காலியோ அதில் புத்தகத்தை அடுக்கினேன், வேறென்ன செய்ய? துப்பறியும் கதைகள் இருமலில். காதல் கதைகள் வயிற்றில். சரித்திரக் கதை தடிமன் என்பதால் அகலமான காய்ச்சல் தட்டில். பேய்க்கதை புண்ணில். சின்னப் பிள்ளைகளின் படப்புத்தகங்கள் கண்ணில்.

ஒரே மாதத்தில் எங்கள் டிவிஷனில் யாரும் 'காதல் நாவல்' என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். "வயித்துல புதுசா ஏதாச்சும் வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கே வலிக்கிறது?

ஜன்னலும் அதே ஜன்னல், வரிசையும் அதே வரிசை. கால் பழகிய பாதையில் வந்து நிற்கிறவர்கள், வாய் பழகியதைச் சொன்னார்கள். தலைசுற்றல், முதுகு வலி, தூக்கமில்லை. முதலில் சண்டை போட்டேன். "எழுத்தைப் பாத்து வந்தீங்களா, வாசத்தைப் பாத்து வந்தீங்களா?" என்று கத்தியிருக்கிறேன். டெட்டால் வாசம் சுவரைவிட்டு இன்னும் போகவில்லை என்பதும் உண்மைதான்.

ஒருநாள் கத்திக் கத்தி எனக்கே தொண்டை கட்டிக்கொண்டது. இருமலோடு நின்ற பழைய வாட்ச்மேனிடம் பேச முடியாமல், இருமல் தட்டிலிருந்து கைக்கு வந்த துப்பறியும் நாவலை எடுத்து நீட்டினேன். மனுஷன் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். இருமல் தேவலாம், ஆனால் கொலைகாரன் யாரென்று முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, கொஞ்சம் வீரியமாகக் கொடு என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்தது என் வைத்தியம்.

பட்டணத்தில் புத்தகம் சிபாரிசு செய்கிறவர்கள் வயதைக் கேட்பார்களாம், என்ன பிடிக்கும் என்று கேட்பார்களாம். இது பத்து வயதுக்கு, இது பெரியவர்களுக்கு என்று அட்டையிலேயே அச்சடித்து வருகிறது. நான் எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் கேட்பேன். அதில் அடிவாங்கியும் இருக்கிறேன். முதுகு வலி என்று வந்த ஜீப் டிரைவருக்குப் புண் தட்டிலிருந்து ஒரு பேய்க்கதை கொடுத்தேன். முதுகு நிமிர்ந்துவிட்டது, ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யூகலிப்டஸ் வளைவுப் பக்கம் வண்டியை எடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். டூரிஸ்ட்டுகள் சூரியன் மறைவதைப் பார்க்கக் காசு கட்டியிருந்தார்கள். அவர்களை நாலரைக்கே கீழே இறக்கிக் கொண்டுவந்து விட்டான்.

ஆனால் எங்கள் சூப்பர்வைசருக்குக் கொடுத்தது நல்ல சிபாரிசு, அதை நானே சொல்லிக்கொள்வேன். ரிட்டயர்டாகும் வயது, ரத்தக்கொதிப்பு, நாற்பது பேர் நடுங்குகிற குரல். அவருக்குக் கண் தட்டிலிருந்து, மழைக்குப் பயந்த யானைக்குட்டி ஒன்று அம்மாவைத் தேடும் கதையைக் கொடுத்தேன். பெரிய பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம். மறுநாள் காலை மஸ்டரில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது பாதியில் நிறுத்தி, நாற்பது பேர் முன்னால், அந்த வழியாகப் போன என்னைப் பார்த்து, அந்த யானைக்கு அம்மா கிடைக்குமா, அதை மட்டும் சொல்லிவிடு, என்னால் வேலை பார்க்க முடியவில்லை என்றார். கிடைக்கும் என்றேன். அன்றைக்கு யாரையும் அவர் திட்டவில்லை.

சரி, காதுக்கு வருகிறேன்.

பூனைக்குச் சொன்ன சேதி

தங்கராசு காதில் ஒன்றுமில்லை. அவர் வீட்டில்தான் சத்தம் இல்லை.

அவர் மனைவி ஜெசிந்தா கொழுந்து எடுக்கிறவள். இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒரே யூனியன். போன வருஷம் போனஸ் பேச்சுவார்த்தை சமயத்தில் ஜெசிந்தா அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த யூனியனில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட் முன்னால் நடந்த கூட்டத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் மனைவியை, எதிர்ப்பக்கம் கொடியோடு நின்ற தங்கராசு பார்த்தார். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. ஒரே கூரையில் கிழக்கே ஒரு கொடி, மேற்கே ஒரு கொடி.

அவர்களுக்கு ஒரே மகள், ஷைனி. பதினொரு வயது. வீட்டில் எல்லாச் சேதியும் அவள் வழியாகப் போகும். "உங்கப்பாவை உப்பு எடுத்துக்கச் சொல்லு." "உங்கம்மாகிட்ட கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லு." ஷைனி பள்ளிக்கூடம் போன நேரத்தில் பூனை. "பூனையே, சோறு இறக்கியாச்சு" என்பாளாம் ஜெசிந்தா. பூனை கேட்டுக்கொள்ளும், தங்கராசு வந்து உட்காருவார். எட்டு மாதம் இப்படி.

இதைத் தங்கராசு என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. காதைக் காட்டியபடியே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது இல்லையா, காது வசதியாக இருந்தது.

நான் காய்ச்சல் தட்டுக்குப் போனேன். அங்கே ஒரு சரித்திர நாவல் கிடந்தது, இருக்கிறதிலேயே தடிமன். மலைக்கோட்டை, ராணி, சேனாதிபதி என்று அட்டையில் படம். இரண்டு வருஷத்தில் ஒருவரும் எடுத்ததில்லை. காற்றடிக்கும்போது கதவு சாத்தாமல் இருக்க நான்தான் அதை எடுத்து வைப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதை நானே படித்ததில்லை. படிக்காத புத்தகத்தைச் சிபாரிசு செய்த ஒரே தடவை அதுதான். அந்த வீட்டுக்கு நிறையப் பக்கம் வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"மூணு பேரும் படிக்கணும் தங்கராசு. ஒருத்தர் விடாம" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு சுவரில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

மூன்றாவது கடிதம்

மூன்று வாரம் கழித்துத் தாலூக்கா நூலக ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதனை.

ஏற்கெனவே இரண்டு பரிசோதனையில் தோற்றிருந்தோம். முதல் தடவை, புத்தகம் எடுக்கிற ஆள் போதவில்லை. இரண்டாம் தடவை ஆள் இருந்தார்கள், புத்தகம் இல்லை. மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்ததால் பாதிப் புத்தகத்தைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தேன். பரிசோதகர் சார் குனிந்து குனிந்து, புடவைகளுக்கு நடுவே எண்ணிப் பார்த்தார். மூன்றாம் தடவையும் ஒரு புத்தகம் குறைந்தால், தமிழ்ப் புத்தகமெல்லாம் சாக்கில் கட்டி டவுனுக்குப் போகும். அறை டூரிஸ்ட்டுகள் டீ ருசி பார்க்கும் கவுன்டராகும். பெயின்ட் அப்போது உடனே வரும் என்று ஆபீஸ் கிளார்க் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ரெஜிஸ்டரைப் பார்த்தேன். வர வேண்டியது ஒன்றே ஒன்று. இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர், எழுநூற்று நான்கு பக்கம். தங்கராசு.

லயத்துக்குப் போகும்போதே சத்தம் கேட்டது. எட்டு மாதம் சத்தமில்லாத வீட்டில் பாத்திரம் உருள்கிற மாதிரிப் பேச்சு. கதவைத் தள்ளினால், மூன்று மூலையில் மூன்று பேர், மூன்று பேர் கையிலும் ஒவ்வொரு புத்தகம். கொழுந்துச் சாக்குத் தைக்கிற சணலால் புத்தக முதுகு தைத்திருந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"போர்டுல இருந்தபடிதான் அக்கா செஞ்சேன்" என்றார் தங்கராசு, பதறாமல். பெரியவர் இரண்டு பேருக்கு ஒவ்வொன்று, ஷைனிக்கு அரை. எழுநூறு பக்கத்தை இரண்டரையால் வகுத்தால் இருநூற்று எண்பது. அவருக்கு முதல் இருநூற்று எண்பது, ஜெசிந்தாவுக்கு நடு இருநூற்று எண்பது, மகளுக்குக் கடைசி நூற்று நாற்பது. கம்பவுண்டர் காலத்தில் ஒரு மாத்திரைப் பட்டையைக் குடும்பத்துக்குக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார். அதே வழக்கம். கத்தரிக்குப் பதில் இவர் தேயிலை கவாத்து செய்கிற கத்தியை எடுத்திருக்கிறார். வெட்டு மட்டும் ரொம்ப சுத்தம்.

விளைவு என்னவென்றால், தங்கராசுக்குக் கதையின் ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது. ஜெசிந்தாவுக்கு நடு மட்டும் தெரியும். முதல் பாகத்தில் சேனாதிபதி கோட்டையைக் காப்பேன் என்று கத்தி மேல் சத்தியம் செய்கிறான், ஆகவே தங்கராசுக்கு அவன் உத்தமன். நடுப் பாகத்தில் அவன் யாருக்கும் சொல்லாமல் கோட்டைக் கதவைத் திறந்து எதிரியை உள்ளே விடுகிறான், ஆகவே ஜெசிந்தாவுக்கு அவன் துரோகி. ஷைனிக்கு முடிவு தெரியும். ஆனால் ஒரு விஷயம் சொல்ல ஒரு வேலை. அம்மா அவள் யூனிபார்மைத் தேய்த்துக் கொடுத்தால் ஒரு விஷயம். அப்பா கோழிக்கூட்டைக் கழுவினால் ஒரு விஷயம். நான் போனபோது தங்கராசின் மறு கையில் விளக்குமாறு இருந்தது.

கத்தினேன். லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மூன்று துண்டும் இப்போதே வேண்டும் என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஜெசிந்தா எழுந்து என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, எட்டு மாசத்துக்கப்புறம் அந்த மனுஷன் எம் மூஞ்சியப் பாத்து மொதல்ல பேசுன வார்த்தை என்ன தெரியுமா? 'சேனாதிபதி அப்படிப்பட்ட ஆளு இல்ல.' அதான். எம் பங்கை அவருக்குக் குடுத்துட்டா, அவரே படிச்சுக்கிடுவாரு. அப்புறம் என்கிட்ட எதுக்குப் பேசணும்?"

எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. உங்கள் பேச்சுக்கு என் அறைதான் கிடைத்ததா என்று நினைத்தேன். வியாழக்கிழமை பத்து மணிக்குப் புத்தகம் வராவிட்டால் நான் இரண்டாம் தடவையாக ஒரு கதவைப் பூட்ட வேண்டும், அதை மட்டும் மனசில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு நடந்ததில், சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டேன்.

பரிசோதனை

பரிசோதகர் சார் சரியாகப் பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். மலையாளி. எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. வருஷக்கணக்காகத் தமிழ்ப் புத்தகங்களைப் பரிசோதிக்கிறார், எண்ணித்தான்.

எண்ணினார். இருமல் சரி, வயிறு சரி, புண் சரி, கண் சரி. காய்ச்சலில் ஒன்று குறைந்தது. "இருநூற்றுப் பன்னிரண்டு எவிடே?" என்று என்னைப் பார்த்தார்.

அப்போது ஜன்னலில் நிழல். தங்கராசு நின்றார், அவருக்குப் பின்னால் ஜெசிந்தா, அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட யூனிபார்மில் ஷைனி. மருந்துக்கு வரிசையில் நிற்கிற மாதிரியே நின்று, ஒவ்வொருவராகத் தங்கள் துண்டை ஜன்னல் வழியாக உள்ளே வைத்தார்கள்.

சார் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் துண்டில் வாசகசாலை முத்திரை இருந்தது. மற்ற இரண்டில் இல்லை. பக்க எண் தொடர்ச்சியாக வருகிறதே சார் என்றேன். எல்லாப் புத்தகத்திலும்தான் பக்க எண் இருக்கிறது, இது வேறு புத்தகத்தின் துண்டு இல்லை என்று நான் எப்படி எழுதுவது என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

"சரி, இது ஒரே புஸ்தகம்தான்னு தெளிவு வேணும். கதை சொல்லுங்கோ. சேருதான்னு ஞான் நோக்கறேன்."

இப்படி ஒரு பரிசோதனை எந்தத் தாலூக்காவிலும் நடந்திருக்காது. தங்கராசு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். கோட்டை, பஞ்சம், ராணி, சத்தியம். வாட்ச்மேன் வந்து நின்றார், ஜீப் டிரைவர் வந்து நின்றான், டீ இடைவேளைக்குப் போன பெண்கள் சாக்கோடு வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் விரட்டத்தான் வந்தார், அவரும் நின்றுவிட்டார்.

பிறகு ஜெசிந்தாவின் முறை. பரிசோதகருக்குச் சொல்ல வேண்டிய கதையை அவள் தங்கராசைப் பார்த்துச் சொன்னாள். கோட்டைக்குள் குழந்தைகள் பசியில் சாகிறார்கள். சேனாதிபதி யாரிடமும் கலந்து பேசாமல், வெளியே நிற்கிறவர்களிடம் நெல் இருக்கிறது என்பதற்காகக் கதவைத் திறக்கிறான். அவள் அவனைத் துரோகி என்று அன்றைக்கு ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. முதல் தடவையாக நடுப்பாகம் முழுவதையும் கேட்ட தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார்.

"தெறக்கிறதுக்கு முன்னாடி ராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா ராணி கேட்டிருப்பாளான்னு உங்க பங்குல பாருங்க" என்றாள் ஜெசிந்தா.

அவர் யோசித்தார். நிஜமாகவே தன் பங்கை மனசுக்குள் புரட்டிப் பார்க்கிற மாதிரி யோசித்தார். "கேட்டிருக்க மாட்டா" என்றார் கடைசியில்.

பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இது கதையைப் பற்றின பேச்சு என்று நினைத்தது பரிசோதகர் சார் ஒருவர்தான்.

ஷைனி முடிவுப் பாகத்தைச் சொன்னாள். போர் ஓய்கிறது, ராணி கோட்டையை மீட்கிறாள், நாடு கடத்தப்பட்ட சேனாதிபதி தாடியும் மீசையுமாக ஒருநாள் திரும்பி வந்து, தான் திறந்த அதே கதவுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே ராணி. நடுவில் கதவு. அதோடு நிறுத்திவிட்டாள்.

"எந்நிட்டு?" என்றார் சார். அப்புறம் என்ன என்று கேட்கிறார்.

"கடைசி ரெண்டு தாளு வீட்ல இருக்கு சார். அடுத்த தடவை நீங்க வரும்போது சொல்லுதேன்."

சார் கடைசித் துண்டைத் திருப்பிப் பார்த்தார். எழுநூறோடு நின்றது. ரெஜிஸ்டரைப் பார்த்தார். எழுநூற்று நான்கு. அவர் ஷைனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். மலையாளத்தில் எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார்: நூல் எண் இருநூற்றுப் பன்னிரண்டு, பரிசோதனை முடியவில்லை. ஒரு புத்தகம் பரிசோதனையில் இருக்கும்வரை ஒன்றையும் இடம் மாற்றக்கூடாது என்று சட்டமாம். அப்படி ஒரு சட்டம் இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கிளார்க்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சொல்லிவிடாதீர்கள்

அன்று சாயங்காலம் ஷைனி தனியாக வந்தாள். ஜன்னல் வழியாக இல்லை, கதவு வழியாக. மெதுவாகச் சொன்னாள்: "பெரியம்மா, கடைசி ரெண்டு தாளே கெடையாது. எனக்கு வரும்போதே இல்ல. 'அப்போது கோட்டைக் கதவு' அப்படிங்கிறதோட நிக்குது. அம்மா அப்பாகிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா மறுபடி பூனைகிட்ட பேச ஆரம்பிச்சிருவாங்க."

கதவுக்கு முட்டுக் கொடுத்து முட்டுக் கொடுத்து நானே அந்தத் தாள்களை எப்போதோ கிழித்திருக்க வேண்டும். சொல்லமாட்டேன் என்று அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அதற்கப்புறம் பரிசோதகர் சார் நாலு தடவை வந்து போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் ஷைனிக்குப் பரீட்சை, இல்லையென்றால் தொண்டைக் கட்டு. போன தடவை ஜீப்பில் ஏறும்போது, அவசரமில்லை, குட்டி வளர்ந்து சொல்லட்டும் என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் போவதில்லை.

ஜெசிந்தாவும் ஒருநாள் வந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது அவள் பங்கை எடுத்துப் பார்த்தாளாம், முதல் வாரமே; கடைசித் தாள் இல்லை என்று அப்போதே தெரியுமாம். அவருக்குத் தெரிய வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் தினம் சோற்றுக்கு முன்னால், ராணி கதவைத் திறந்திருப்பாளா மாட்டாளா என்று அடித்துக்கொள்கிறார்களாம். கூரையில் இரண்டு கொடியும் அப்படியே இருக்கிறது. பூனைக்குத்தான் வேலையில்லை.

போன வாரம் தங்கராசு வந்தார். காதை நீட்டவில்லை, நேராக முகத்தைக் காட்டி நின்றார். காது எப்படி என்று கேட்டேன். இரைச்சல் தாங்கவில்லை என்றார், சந்தோஷமாக. பிறகு குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, கடைசித் தாளு இல்லைங்கிறது அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. சொல்லிராதீங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். வகுக்கிறதுக்குக் கடைசிப் பக்கத்தைப் பாத்தேன்ல."

தெரிந்துமா வாங்கிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார். அவர் நிஜமாகவே போர்டைப் பார்த்துத்தான் வெட்டினாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். இருமல் தட்டைக் காட்டி, புதுசு வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று பேரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டு, இப்படி ஊரறிய எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். இந்தப் பத்திரிகை எங்கள் வாசகசாலைக்கும் தபாலில் வருகிறது. ஒரே ஒரு பிரதி, என் கைக்குத்தான் முதலில் வரும். புத்தகத்தை வெட்டியதற்காக லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தியவள் நான். இந்த இதழ் வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் இப்போது படிக்கிற இந்தக் கடைசித் தாளை என் கையால் கிழித்து எடுக்கப் போகிறேன். மீதி எங்கே என்று யாராவது ஜன்னலில் வந்து கேட்டால், தங்கராசு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.